துண்டு வந்தால் முதலில் கேட்க வேண்டியது

2024 நவம்பர் 21. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். எடுத்துப் பார்த்தால் பெரியம்மா மகள். இங்கிலாந்துக்குக் கெயார் வேலைக்குப் போய் ஒன்றரை வருசமான அக்கா.

"தம்பி, எனக்கு பைன் அடிச்சிட்டாங்கடா. வீட்டுக்கே லெட்டர் வந்திருக்கு. கார் போட்டோவெல்லாம் போட்டு அனுப்பியிருக்காங்க."

குரல் நடுங்கியது. யாரையோ இடித்துவிட்டார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் விசயம் விளங்கியது. ஒரு சுப்பர்மார்க்கட் கார் பார்க்கில் அனுமதித்த நேரத்தை விட அதிக நேரம் வண்டியை நிறுத்திவிட்டாராம். அதற்கு 100 பவுண் கட்ட வேண்டுமாம். 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண் போதுமாம்.

100 பவுண் என்றால் அன்றைய கணக்குக்கு ஏறத்தாழ 37,000 ரூபா. பெரியம்மா இன்னும் மலைக்குப் போகிறார். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. அப்படியென்றால் 27 நாள் முழுப் பேர். நான் இந்தக் கணக்கைப் போட முன்னமே அக்கா போட்டிருந்தார். வெளிநாட்டுக்குப் போன நம்மாட்கள் எந்தக் காசையும் இரண்டு தரம் எண்ணுவார்கள், ஒரு தரம் அந்த நாட்டுக் காசில், இன்னொரு தரம் அம்மாவின் பேரில்.

"60ஐக் கட்டி முடிச்சிடுறேன்டா. பொலிஸ் கேஸாகி விசாவுல கைய வச்சிட்டாங்கன்னா?"

நான் அட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, பாஸ்போட் விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகருக்குக் கடிதம், இதுதான் நாள் முழுக்க. எனக்கு இங்கிலாந்துச் சட்டம் தெரியாது. ஆனால் ஒரு காகிதத்தை மேலிருந்து கீழே வரைக்கும் படிக்கத் தெரியும். "இன்னைக்கு ஒன்னும் கட்டாதீங்கக்கா. ரெண்டு பக்கத்தையும் வெளிச்சத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொன்னேன்.

அன்றைக்குத் தூக்கம் போனது போனதுதான்.

*

கடிதத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் கார் உள்ளே போகும் படம், வெளியே வரும் படம், இலக்கத்தகட்டைத் தனியே பெரிதாக்கி இன்னொரு படம். நேரம் செக்கன் கணக்கில். கீழே கட்டாவிட்டால் என்னென்ன நடக்கும் என்று ஒரு நீளமான பந்தி.

கடிதத்தை இரண்டாவது தரம் படிக்கும்போதுதான் யார் அனுப்பியது என்று பார்த்தேன். பொலிஸ் இல்லை. நகர சபை இல்லை. நீதிமன்றம் இல்லை. ஒரு தனியார் கம்பனி. அந்த சுப்பர்மார்க்கட் கூட இல்லை, அதன் கார் பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேறொரு கம்பனி.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்தில் நகர சபை தெருவில் போடும் தண்டத்துக்குப் பெயர் 'பெனல்டி சார்ஜ் நோட்டிஸ்'. இந்தக் கம்பனிகள் அனுப்புவதற்குப் பெயர் 'பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்'. இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். தான். முதலாவது சட்டம் கொடுத்த அதிகாரத்தில் வருவது. இரண்டாவது, "நீ எங்களோடு செய்த ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், ஆகவே இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு வியாபாரி இன்னொருவருக்கு எழுதும் கோரிக்கை. கட்டாவிட்டால் அவர்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். அது குற்றம் ஆகாது. பொலிஸ் பதிவில் ஏறாது.

"என்னா ஒப்பந்தம்? நான் எங்கயும் சைன் வைக்கலையே" என்று அக்கா கேட்டார்.

கார் பார்க்கில் நட்டு வைத்திருக்கும் பலகைதான் ஒப்பந்தம். 90 நிமிசம் இலவசம், அதற்கு மேல் நின்றால் 100 பவுண் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கடந்து உள்ளே போய் வண்டியை நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வண்டியின் பதிவுக்காரர் யார், வீடு எங்கே என்பதை அரசின் வாகனப் பதிவு நிறுவனமான டி.வி.எல்.ஏ.விடம் ஒரு விபரத்துக்கு 2.50 பவுண் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி வருசத்துக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட விபரங்கள் கை மாறுகின்றன. அக்காவுக்கு வந்தது அந்தக் கோடியில் ஒன்று.

*

அக்கா ஏன் உடனே கட்டப் பார்த்தார் என்று பிறகு யோசித்தேன். பயந்த சுபாவம் உள்ள ஆளில்லை. தனியாகக் கொழும்புக்குப் போய் வயசானவர்களைப் பார்க்கும் இல்லத்தில் ஆறு வருசம் வேலை செய்தவர். ஏஜன்சிக்காரனோடு சண்டை பிடித்துப் பாதிக் காசைத் திரும்ப வாங்கியவர். ஆனால் அச்சடித்த காகிதம் ஒன்று, இலக்கம் போட்டு, பெயர் போட்டு வந்தால் நமக்குள் ஏதோ ஒன்று குனிந்துவிடுகிறது.

மலையகத்தில் 'துண்டு' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைக்கு பஸ் டிக்கட்டையும் மருந்துச் சிட்டையையும் துண்டு என்கிறோம். நூறு வருசத்துக்கு முந்தி துண்டு என்றால் கடன் காகிதம். இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் ஆட்களோடு சேர்ந்து நடந்து போகும். அந்தக் கணக்கு சரியா என்று கேட்க, அதில் பெயர் இருந்தவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

அதற்குப் பிறகும் காகிதம் நம்மை விடவில்லை. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். ஏதோ ஒரு காகிதம் இல்லை, ஏதோ ஒரு திகதி பொருந்தவில்லை. காகிதம் இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பு என்று பழகிய சனம் நாங்கள்.

இன்றைக்கும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பாருங்கள். தராசில் முள் ஒன்று காட்டும், புத்தகத்தில் இன்னொன்று விழும். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. கிலோ குறைந்தால் அரைப்பேர். அம்மாமார் முணுமுணுப்பார்கள், திட்டுவார்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போவார்கள். "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்பவர் குறைவு. கேட்டால் நாளைக்கு எந்த மலையில் விடுவார்கள் என்று தெரியும்.

தராசை வைத்திருப்பவனே கணக்கையும் எழுதுவான், தண்டத்தையும் அவனே போடுவான் என்பது நமக்குப் பழகிப்போனது. லெஸ்டரில் இருக்கும் ஒரு கமராவுக்கு முன்னாலும் அக்கா அதையேதான் நினைத்தார். "கமரா பொய் சொல்லுமாடா?"

*

கமரா பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொன்னது.

கடிதத்தின்படி நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை 8.52க்கு கார் உள்ளே போனது, 12.31க்கு வெளியே வந்தது. 3 மணித்தியாலம் 39 நிமிசம். "அன்னைக்கு எத்தனை வீடுக்கா?" என்று கேட்டேன். காலையில் மட்டும் மூன்று வீடு என்றார். அப்படியென்றால் அந்த நேரத்தில் கார் எப்படி சுப்பர்மார்க்கட்டில் நின்றிருக்கும்?

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு சொன்னார், "நான் ரெண்டு தடவ போனேன்டா."

காலையில் ஒரு வயசான அம்மாவுக்குப் பாணும் பாலும் வாங்கப் போய், பத்துப் பதினைந்து நிமிசத்தில் வெளியே வந்துவிட்டார். பிறகு மூன்று வீடு. மத்தியானம் திரும்பவும் அதே இடத்துக்குப் போனார். ஏன் என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. ஒதுங்குவதற்காகப் போனாராம். வீடு வீடாகப் போகும் கெயார் வேலையில் கழிவறை என்று தனியாக ஒரு இடம் இல்லை. பார்க்கப் போகும் வீட்டில் கேட்கச் சங்கடம். "பாத்ரூமுக்கு மட்டும் போனா நல்லாருக்காதுன்னு ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கினேன். அந்த பில்லையும் வீசிட்டேன்."

இதைக் கேட்டபோது எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கும் இதே பாடுதான். தேயிலைச் செடிதான் மறைப்பு. மகள் ஐயாயிரம் மைல் தாண்டிப் போயும் ஒதுங்க இடம் தேடிப் போனதற்குத்தான் துண்டு வந்திருக்கிறது.

கமரா செய்த பிழை இதுதான். முதல் தரம் உள்ளே போன படத்தையும் இரண்டாம் தரம் வெளியே வந்த படத்தையும் ஜோடி சேர்த்துவிட்டது. நடுவில் ஒரு தரம் வெளியே போனதும் ஒரு தரம் உள்ளே வந்ததும் காணாமல் போய்விட்டன. முன்னால் போகும் லொறி மறைத்தாலும் நடக்கும், இலக்கத்தகட்டில் சேறு பட்டாலும் நடக்கும். தேடிப் பார்த்தால் இது புதினமும் இல்லை. ஒரே நாளில் இரண்டு தரம் போகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கிற, பார்க்கிங் கம்பனிகளுக்கே நன்றாகத் தெரிந்த பிழை.

*

சரி, கட்ட வேண்டாம் என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா? இங்கே நான் முதலில் பிழை விட்டேன். இணையத்தில் பத்து வருசத்துக்கு முந்திய ஒரு பதிவைப் படித்துவிட்டு, "தனியார் பார்க்கிங் டிக்கட்டுக்குச் சட்ட பலமே இல்லையாம்கா, விட்டுடுங்க" என்று அக்காவுக்கு வொய்ஸ் அனுப்பினேன். அடுத்த நாள் அதை அழிக்க வேண்டி வந்தது.

2013 ஏப்ரலில் எசெக்ஸில் உள்ள செம்ஸ்ஃபோர்ட் நகரத்தில் பீவிஸ் என்பவர் ஒரு கடைத்தொகுதியின் கார் பார்க்கில் வண்டியை நிறுத்தினார். 2 மணித்தியாலம் இலவசம். அவர் 56 நிமிசம் கூட நின்றுவிட்டார். 'பார்க்கிங் ஐ' என்ற கம்பனி 85 பவுண் கேட்டது. அந்தக் கம்பனிக்கு உண்மையில் எந்த நட்டமும் இல்லை, ஆகவே இது தண்டனைத் தொகை, ஒப்பந்தச் சட்டத்தில் செல்லாது என்பது அவருடைய வாதம். வழக்கு ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பர் 4ஆம் திகதி தீர்ப்பு. ஒரு நீதிபதியைத் தவிர மற்ற எல்லோரும் கம்பனியின் பக்கம். இடத்தை ஆட்கள் நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நியாயமான நோக்கம், 85 பவுண் அளவுக்கு மீறியது இல்லை, பலகைகள் பெரிதாக, தெளிவாக, வாசிக்கக்கூடியதாக இருந்தன என்று சொன்னார்கள்.

இந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாத ஒரு விபரம் இருக்கிறது. அந்தக் கார் பார்க்கைப் பார்த்துக்கொள்வதற்கு நிலத்துக்காரர் கம்பனிக்குக் காசு கொடுக்கவில்லை. கம்பனிதான் நிலத்துக்காரருக்கு வாரத்துக்கு 1,000 பவுண் கொடுத்தது. அந்தக் காசு பிந்தி வரும் வண்டிகளிடமிருந்துதான் வர வேண்டும். எல்லோரும் நேரத்துக்குப் போய்விட்டால் கம்பனிக்கு நட்டம்.

ஆகவே, பீவிஸுக்குப் பிறகு "இது செல்லாது" என்று ஒரே வரியில் தப்ப முடியாது. "இது எனக்குப் பொருந்துமா?" என்றுதான் கேட்க வேண்டும். பலகை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்ததா? நேரம் சரியா? கடிதம் நேரத்துக்கு வந்ததா? கம்பனிக்கு அந்த நிலத்தில் அதிகாரம் இருக்கிறதா?

நேரத்துக்கு வருவது முக்கியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியார் நிலத்தில் நின்ற வண்டிகளின் சில்லுக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. அதற்குப் பதிலாக, ஓட்டினவர் யாரென்று தெரியாவிட்டால் பதிவுக்காரரிடம் காசு கேட்கலாம் என்று கம்பனிகளுக்கு ஒரு வழி கொடுத்தது. ஆனால் கமராவை மட்டும் வைத்துப் பிடித்தால் 14 நாளுக்குள் கடிதம் பதிவுக்காரரின் கைக்கு வந்திருக்க வேண்டும். பிந்தினால் அந்த வழி அடைபட்டுவிடும். யார் ஓட்டினது என்று நாமாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால்தான் அங்கே அனுபவப்பட்டவர்கள் 'நான் நிறுத்தினேன்' என்று எழுதாதே, 'வண்டி நின்றது' என்று எழுது என்கிறார்கள்.

அக்காவின் கடிதம் ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. அந்த வழி நமக்கு இல்லை. யார் ஓட்டினது என்று மறைத்தால், மூன்று வீட்டுக்குப் போன கணக்கையும் காட்ட முடியாது. "நான்தான் ஓட்டினேன்னே எழுதுடா. நான் செஞ்சதுல என்னா தப்பு?" என்று அக்கா சொன்னார். அந்தக் குரலில் முதல் நாள் இருந்த நடுக்கம் இல்லை.

*

எழுத ஒரு பக்கம்தான் எடுத்தது. ஆதாரம் சேர்க்கத்தான் ஒரு கிழமை போனது.

முதல் பில் அந்த வயசான அம்மாவின் வீட்டுக் கோப்பில் இருந்தது. பராமரிப்பவர் அவருடைய காசில் சாமான் வாங்கினால் பில்லை அங்கே வைக்க வேண்டும். அதில் நேரம் 9.01. பிறகு வேலைக்கான போன் செயலி. ஒவ்வொரு வீட்டுக்கும் போனதும் அழுத்த வேண்டும், வெளியே வந்ததும் அழுத்த வேண்டும். 9.20இலிருந்து 12 மணி வரைக்கும் மூன்று வீட்டில் அக்கா இருந்த கணக்கு அதில் கிடந்தது. நோயாளிகளின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கறுப்படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று மேலாளர் சொன்னார். நியாயமான பேச்சு.

சுப்பர்மார்க்கட் மேலாளரிடமும் அக்கா போய்க் கேட்டார். சில இடங்களில் கடைக்காரர் சொன்னால் கம்பனி ரத்துச் செய்துவிடும். இவர், "அது எங்கட வேலை இல்லை, கடிதத்தில் இருக்கிற இலக்கத்துக்கு எழுதுங்கள்" என்று கையை விரித்துவிட்டார். பரவாயில்லை, கேட்டதற்குக் காசு போகவில்லை.

மேன்முறையீட்டில் மூன்று விசயம் மட்டும் எழுதினோம். வண்டி இரண்டு தரம் வந்தது. நடு நேரத்தில் அது வேறு இடத்தில் இருந்ததற்கு இதோ ஆதாரம். அன்றைக்கு அந்த இலக்கத்தகட்டை உங்கள் கமரா எடுத்த எல்லாப் படங்களையும் காட்டுங்கள். அழுகை இல்லை, திட்டு இல்லை. நான் முதலில் "ஏழைப் பெண், தாய் தோட்டத் தொழிலாளி" என்றெல்லாம் எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டார். "நான் பிச்சை கேக்கலடா."

டிசம்பர் கடைசியில் பதில் வந்தது. நிராகரிப்பு. நாம் அனுப்பிய ஆதாரத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. நீங்கள் 3 மணித்தியாலம் 39 நிமிசம் நின்றீர்கள், இன்னும் 14 நாளுக்கு 60 பவுண் சலுகை இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அநேகமானவர்கள் கட்டிவிடுகிறார்கள். அடுத்த படி 'பொப்லா' என்ற மேன்முறையீட்டுச் சபை. கம்பனி சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து சிலருக்கு அது வேறொரு சபையாக இருக்கும். பொப்லாவுக்குப் போகக் கட்டணம் இல்லை. அதன் முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் போனால் 60 பவுண் சலுகை போய்விடும், தோற்றால் 100. அந்த 40 பவுணுக்காகத்தான் உண்மை உள்ளவர்களும் பின்வாங்குகிறார்கள். அக்கா ஒரு இரவு முழுக்க யோசித்தார். விடிய வட்ஸ்அப்பில் ஒரு வரி: "போடு தம்பி, பாத்துக்கலாம்."

2025 பெப்ரவரியில் மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பனி தன் கோரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டது, மேன்முறையீடு முடிந்தது. மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. "அவ்வளவுதானா?" என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற, வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஆதாரம் இருந்தது, அதனால் முடிந்தது. உண்மையிலேயே கூட நேரம் நின்றிருந்தால் 60ஐக் கட்டுவதுதான் சில நேரம் புத்தி. எதுவும் செய்யாமல் இருப்பது மட்டும் கூடாது. கடன் அறவிடும் கம்பனிகள் என்று சிவப்பு எழுத்தில் வரும் கடிதங்களுக்கு வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரம் இல்லை. ஆனால் நீதிமன்றத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் அது வேறு. அதற்கு 14 நாளுக்குள் பதில் கொடுக்காவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு விழும். அதையும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 6 வருசத்துக்குக் கடன் பதிவில் நிற்கும். வீடு வாடகைக்கு எடுக்கப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

*

இதையெல்லாம் கேட்ட சித்தப்பா சிரித்தார். அவர் த்ரீவீல் ஓட்டுகிறார். "நமக்கு எங்கடா சுப்பர்மார்க்கட்ல 100 பவுணு? இங்க செக்கியூரிட்டி விசில் அடிச்சாலே நாம ஓடிருவோம்."

உண்மைதான். எங்கள் பக்கத்து டவுன்களில் சுப்பர்மார்க்கட் பார்க்கிங் பெரும்பாலும் இலவசம், இடம் கிடைத்தால். கட்டணம் தெருவோரத்தில், சீசன் காலத்தில், டிக்கட் புத்தகத்தோடு வரும் ஆளிடம்தான் இருக்கிறது. ஆனால் கொழும்பில் பெரிய கடைத்தொகுதிகளில் கமராவும் தடுப்புக் கம்பமும் வந்துவிட்டன. அது மலையேற எவ்வளவு நேரம் எடுக்கும்? வந்த பிறகு யோசிப்பதை விட இப்போதே சில கேள்விகளைப் பழகிக்கொள்வது நல்லது.

பலகை எந்த மொழியில் இருக்கிறது? வாசிக்க முடியாத பலகையை வைத்து ஒப்பந்தம் என்று சொன்னால், அது பாட்டன் பூட்டன் கைநாட்டு வைத்த காகிதத்தைப் போலத்தான். கட்டணம் எவ்வளவு என்று உள்ளே நுழைய முன்னமே தெரிகிறதா? கடைக்கு வந்தவருக்கும் சும்மா நிறுத்தியவருக்கும் வித்தியாசம் இருக்கிறதா? தெலங்கானாவில் 2018இல் அரசு ஓர் ஆணை போட்டது. வணிக வளாகங்களில் முதல் 30 நிமிசம் எல்லோருக்கும் இலவசம். ஒரு மணித்தியாலம் வரை பில்லைக் காட்டினால் இலவசம். அதற்கு மேலும், பில் தொகை பார்க்கிங் கட்டணத்தை விடக் கூடுதலாக இருந்தால் இலவசம். இப்படி ஒரு விதியை இங்கேயும் கேட்கலாம், கேட்பதற்கு யாராவது இருந்தால்.

தெருவில் வாங்கும் காசு உள்ளூராட்சி சபையின் காசு. சபை அதைக் கேள்விமனு மூலம் யாருக்கு, எந்தத் திகதி வரைக்கும், வண்டிக்கு எவ்வளவு என்று கொடுத்திருக்கிறது என்பதை 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். கடைகளில் நடக்கும் பிரச்சினைக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, இலக்கம் 1977. பில்லைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால்தான் அங்கே பேச முடியும்.

போன ஏப்ரலில் சித்தப்பாவோடு டவுனுக்குப் போயிருந்தேன். சாமான் ஏற்ற ஒரு சுப்பர்மார்க்கட் பக்கத்துத் தெருவில் நிறுத்தினோம். புத்தகத்தோடு ஒரு பொடியன் வந்து 100 ரூபா என்றான். வழக்கமாக சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே காசை நீட்டுவார், துண்டை வாங்காமலே போய்விடுவார். அன்றைக்குக் கையை நீட்டவில்லை.

"மேக்க காகெத மல்லி?" என்றார். இது யாருடையது தம்பி, என்று.

பொடியன் முகத்தைச் சுளித்தான். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். சபையின் பெயர் இருந்தது, முத்திரை இருந்தது, தொடர் இலக்கம் இருந்தது, கட்டணம் 100 என்று அச்சடித்திருந்தது. சித்தப்பா கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். 100 ரூபாவைக் கொடுத்தார். துண்டைக் கிழித்து வாங்கி, நான்காக மடித்து, சாமி படத்துக்குக் கீழே செருகினார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். அக்காவுக்கு அன்று ராத்திரி இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.